லண்டன் நிதியமைச்சர் யார், சித்தி?

எங்கள் சித்திக்கு மெகா சீரியல் பிடிக்காது. மற்ற பெண்கள் தொலைக்காட்சியில் மாமியார் மருமகள் சண்டை பார்க்கும் நேரத்தில் அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பார்ப்பார். புதன்கிழமை அங்கே நண்பகல் என்றால் இங்கே இரவு ஏழு மணி. பிரதமரை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும் அந்த அரை மணி நேரத்துக்காக அன்று சீக்கிரமே குளித்து, சாப்பாட்டை முடித்து, டேப்லெட்டைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் யார் போன் செய்தாலும் எடுக்க மாட்டார்.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்றாவது மாடியில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். லிஃப்ட் கிடையாது. கீழே பூக்கடை, எதிரே பாட்டுக் கேசட் விற்ற காலத்திலிருந்தே ஒலிபெருக்கியை அணைக்காத கடை, அதற்கு அப்பால் ரயில். அந்தச் சத்தத்தின் நடுவே லண்டன்காரர்களின் கூச்சல் வேறு.

"நம்ம ஊரு அரசியலே தலைக்கு மேல ஓடுது, லண்டன் எதுக்கு சித்தி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நம்ம ஊரு சண்டையைப் பார்த்தா எனக்கு பிரஷர் ஏறுது தம்பி. அவங்க அடிச்சுக்கிட்டா எனக்கு என்ன நட்டம்? நிம்மதியா பார்க்கலாம் லா."

பார்த்துப் பார்த்து அந்த அவையின் சம்பிரதாயமெல்லாம் அவருக்கு அத்துப்படி. புதிய சபாநாயகரைத் தேர்ந்தெடுத்தால் அவர் வர மாட்டேன் என்று முரண்டு பிடிக்க வேண்டுமாம், இரண்டு பேர் கையைப் பிடித்து நாற்காலிக்கு இழுத்துப் போக வேண்டுமாம். அந்தக் காலத்தில் அந்த நாற்காலியில் இருந்த சிலருக்குத் தலையே போயிருக்கிறதாம், அதனால் வந்த பழக்கம். "மணவறைக்குப் போற பொண்ணு மாதிரி" என்று சித்தி சிரிப்பார். பட்ஜெட் படிக்கும் அன்றைக்கு மட்டும் நிதியமைச்சர் அவையிலேயே மது அருந்தலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். "நம்ம ஆளுங்க காதுல போட்டுடாத" என்று எச்சரிக்கையும் செய்தார். பத்தாம் எண் வீட்டில் பிரதமர், பக்கத்துப் பதினோராம் எண்ணில் நிதியமைச்சர். ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு இருவரும் எப்படிச் சண்டை போடாமல் இருப்பார்கள் என்பது சித்தியின் நிரந்தர ஆராய்ச்சி.

எனக்கு இதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற சங்கதி. கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் வண்டிகளை அனுப்புகிற வேலை எனக்கு. எந்த லோரி துறைமுகத்தில் நிற்கிறது, எது நெடுஞ்சாலையில் பஞ்சராகிக் கிடக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். லண்டனில் எந்த நாற்காலியில் யார் என்று கேட்டால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலத்தான்.

கொரோனா முடிந்து ஊர் பழையபடி நடமாடத் தொடங்கிய நேரம். சித்தி பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கீழே பூ வாங்கப் போனார். பூக்காரியிடம் பேச்சுக் கொடுத்தவர், அங்கிருந்து அப்படியே கோயிலுக்குப் போய்விட்டார். புகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைக்க வேண்டியதாயிற்று. கொஞ்ச நாள் கழித்து வீட்டுச் சாவி குளிர்பெட்டியில் வெண்டைக்காய்க்கு அடியில் கிடைத்தது. பூச்சோங்கில் இருக்கும் என் அக்கா அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, "டேய், இனிமே இவங்களைத் தனியா விடக்கூடாது" என்றாள்.

டாக்டரிடம் கூட்டிப் போனோம். தமிழ் பேசுகிற டாக்டரம்மா, பொறுமையானவர். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்றெல்லாம் கேட்டார். சித்தி டக் டக்கென்று பதில் சொன்னார். நாட்டின் பிரதமர் யார் என்று கேட்டபோது மட்டும், "இப்ப இருக்கிறவரா, காலையில இருந்தவரா?" என்றார். எங்கள் ஊரில் பிரதமர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஆனால் முதலில் சொல்லிவைத்த மூன்று சொற்களைக் கடைசியில் திருப்பிக் கேட்டபோது சித்திக்கு இரண்டுதான் வந்தது. மூன்றாவதற்காக விட்டத்தைப் பார்த்தார், கைவிரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்பவே எதையும் உறுதியாச் சொல்ல முடியாது. வயசாகுறதாலயும் இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "இவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச, ரொம்பத் தெரிஞ்ச விஷயம் ஏதாவது இருக்குமே, அதை அப்பப்பக் கேட்டுப் பாருங்க. அதுலயே தடுமாற ஆரம்பிச்சா என்கிட்ட சொல்லுங்க."

திரும்பி வரும்போது காரில் அக்காவும் நானும் யோசித்தோம். சித்திக்கு ரொம்பத் தெரிந்தது லண்டன். பிரதமர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும், அதைக் கேட்டால் பரீட்சை ஆகாது. அதனால் நிதியமைச்சர் யார் என்று கேட்பதாக முடிவு செய்தோம். பின்னிருக்கையில் இருந்த சித்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் தப்பாச் சொன்னா என் வீடு போயிடும், அப்படித்தானே?"

"வீடு எங்க சித்தி போகுது? நீங்க எங்க வீட்டுக்கு வர்றீங்க, அவ்வளவுதான்" என்றாள் அக்கா. அவள் அன்பாகத்தான் சொன்னாள்.

சித்தி பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து இறங்கியதும் மூன்று மாடியையும் எங்கள் கையைப் பிடிக்காமல் ஏறினார்.

அடுத்த புதன்கிழமை கம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் பிடித்துப் போய், வடையைத் தட்டில் வைத்துவிட்டு முதல் பரீட்சையை நடத்தினேன். "லண்டன் நிதியமைச்சர் யார், சித்தி?" அவர் ஒரு பெயர் சொன்னார். நான் போனில் தேடிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அந்தப் பெயரை மனதில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் வரிசை எனக்கு இன்றைக்கும் குழம்பும்.

பள்ளிக்கூட விடுமுறை, லோரி டிரைவர்கள் லீவு என்று கொஞ்ச நாள் போக முடியவில்லை. மறுபடி போனபோது அதே கேள்வி. சித்தி வேறொரு பெயர் சொன்னார்.

"போன தடவை வேற பேரு சொன்னீங்களே?"

"அவரு போயிட்டாரு லா. ராஜினாமா. கடிதத்தை வீசிட்டுப் போயிட்டாரு. பின்னாலயே வரிசையா எத்தனையோ பேரு ராஜினாமா. நல்லா இருந்துச்சு."

நான் சிரித்துவைத்தேன். போனை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த ஊர்ப் பிரதமர் ஏதோ வம்பில் மாட்டியிருக்கிறார் என்று என் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் அதற்காகக் கஜானாச் சாவியைப் பாசாரில் மீன் கைமாறுவதுபோலக் கைமாற்றுவார்களா? உலகத்துக்கே சட்டம் சொல்லிக்கொடுத்த ஊர் அல்லவா? அக்காவிடம் போனில் சொன்னபோது, "கதை கட்ட ஆரம்பிச்சுட்டாங்கடா" என்றாள். மறதி வந்தவர்கள் இடைவெளியைக் கதையால் அடைப்பார்கள் என்று அவள் எங்கோ படித்திருந்தாள்.

மூன்றாவது தடவை அக்காவும் வந்தாள். நாடாளுமன்றத்துக்கு நீண்ட விடுமுறை விட்டு மறுபடி கூடியிருந்த சமயம். இந்தமுறை கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டேன்.

"லண்டன்ல கருவூலத்துக்கு இப்ப யாரு சித்தி பொறுப்பு?"

"முதல் பிரபுவைக் கேக்கிறியா, இரண்டாம் பிரபுவைக் கேக்கிறியா?"

அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

"கருவூலத்துக்கு முதல் பிரபு பிரதமர்தான். அவங்க வீட்டுக் கதவுல தபால் போடுற ஓட்டைமேல பித்தளையில அப்படித்தான் வெட்டியிருக்கும். நிதியமைச்சர் இரண்டாம் பிரபு. மத்த பிரபுங்க எல்லாம் கொறடாங்க. அவங்களுக்குக் காசு பணத்தோட ஒரு சம்பந்தமும் கிடையாது. ஓட்டுப் போட ஆள் பிடிச்சுட்டு வர்றதுதான் வேலை" என்று சித்தி மூச்சுவிடாமல் சொன்னார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிரதமர் எப்படிக் கருவூலப் பிரபு ஆவார்? ஆள் பிடிக்கிறவன் எப்படிப் பிரபு ஆவான்? அக்காவின் கண் கலங்கிவிட்டது. "நிதியமைச்சர் பேரு மட்டும் சொல்லுங்க சித்தி, போதும்" என்றாள் மெல்ல.

சித்தி சொன்னார். அது மூன்றாவது பெயர். முதலில் சொன்னதும் இல்லை, இரண்டாவது சொன்னதும் இல்லை. இனிச் சரிபார்க்க என்ன இருக்கிறது என்று நான் போனைத் தொடவே இல்லை.

"பிரதமரும் புதுசு" என்று சேர்த்துக்கொண்டார். "அரசியம்மாவும் போயிட்டாங்க."

அரசியார் இறந்தது எங்களுக்கும் தெரியும். டிவியில் பார்த்தோம். அதனால்தான் இன்னும் குழப்பம். ஒரு உண்மையும் இரண்டு கற்பனையும் ஒரே பாத்திரத்தில் கிடந்தால் எதை எடுப்பது, எதைக் கொட்டுவது? "சித்தி, கோவிச்சுக்காதீங்க. ஒரே வருஷத்துல மூணு பேரு எப்படி மாறுவாங்க? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

சித்தி யோசித்தார். டாக்டர் அறையில் மூன்றாவது சொல்லைத் தேடியபோது பார்த்த அதே பார்வை. சாவி வெண்டைக்காய்க்குள் போனது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"அப்படியா?" என்றார். "சரி லா."

அந்த வாரமே அக்கா வீட்டு ஓனருக்குப் போன் செய்து, அடுத்த மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டாள். மறுநாளே யாரோ தமிழ்நாட்டுப் பையன்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, எந்த மூலையில் கட்டில் போடலாம் என்று சித்தியின் முன்னாலேயே பேசிக்கொண்டார்களாம். அன்று சாயங்காலம் சித்தி எனக்குப் போன் செய்தார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"தம்பி, நீ முதல்ல கேட்டப்போ சரின்னு சொன்னியே, அந்தப் பேரு எது?"

நான் சொன்னேன். அவர் ஒருமுறை திருப்பிச் சொன்னார்.

"அவருதானே? சரி. இனிமே மறக்க மாட்டேன். அக்காகிட்ட சொல்லுறியா, எனக்கு ஞாபகம் வந்துருச்சுன்னு?"

எனக்கு அழுகை வந்தது. பாவம், ஞாபகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள எவ்வளவு பாடுபடுகிறார் என்று நினைத்துத்தான் அழுதேன்.

அக்டோபரில் ஒருநாள் மத்தியானம் கிள்ளானில் ஒரு மாமாக் கடையில், அதுதான் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ரொட்டிக்குக் காத்திருந்தேன். மேலே மாட்டியிருந்த டிவியில் ஆங்கிலச் செய்தி. சத்தம் இல்லை. திரையில் நான்கு முகங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். முதல் பெயர் என்னுடையது, அதாவது நான் மனதில் பத்திரப்படுத்தியது. இரண்டாவது சித்தி சொன்னது. மூன்றாவதும் சித்தி சொன்னது. நான்காவது முந்தின நாள்தான் பதவிக்கு வந்தவர். எல்லாருக்கும் மேலே ஒரே தலைப்பு, பிரிட்டனின் நிதியமைச்சர்கள், இந்த ஆண்டு.

ரொட்டி வந்தது. கறியை எங்கே ஊற்றினேன் என்று தெரியவில்லை. கடைக்காரர், "பாஸ், ஓகேயா?" என்று கேட்டார். போனை எடுத்து அந்த முதல் பிரபு, இரண்டாம் பிரபு சமாசாரத்தையும் தேடினேன். கதவு, பித்தளை, கொறடா எல்லாம் அட்சரம் பிசகாமல் இருந்தது. உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"நாலு பேரு, அக்கா! நாலு பேரு!"

"யாருடா நாலு பேரு? பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

விளக்கிச் சொன்னேன். அவள் வேலையிடத்தில் இருந்தாள். பின்னால் தொலைபேசிகள் அடித்துக்கொண்டிருந்தன. "அப்ப சித்தி சொன்னதெல்லாம் சரியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "பேரு சரி. அடுப்பு?" என்றாள்.

அடுப்பு அணையாமல் எரிந்ததும் உண்மைதான். அந்த நிமிடத்தில் எனக்குச் சித்திமேல் கோபமா, அக்காமேலா, ஆளை மாற்றிக்கொண்டே இருந்த அந்த லண்டன்காரர்கள்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கடைசியில் லண்டன்காரர்கள்மேல் என்று வைத்துக்கொண்டேன். ஒரு பொறுப்பை எடுத்தால் ஒரு வருஷமாவது உட்கார வேண்டாமா? என் லோரி டிரைவர்கூட அதைவிட நிலையாக இருப்பான்.

இருவரும் அன்றைக்கே பிரிக்ஃபீல்ட்ஸ் போனோம். சித்தி பாத்திரங்களை மிலோ பெட்டிகளில் அடுக்கி, கயிறு கட்டி வைத்திருந்தார். டேப்லெட் சர்க்கரை டப்பாமேல் இல்லை, பையின் அடியில் துணிக்குள் இருந்தது. கொஞ்ச நாளாகப் புதன்கிழமை பார்ப்பதையே நிறுத்திவிட்டிருக்கிறார். கேட்டதற்கு, "அவங்க ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்றீங்க, எதுக்கு வம்பு" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "சித்தி, லண்டன் நிதியமைச்சர் யார்?" என்றேன். நல்ல செய்தியை அவர் வாயாலேயே வரவழைக்க வேண்டும் என்று ஆசை.

பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல முதல் பெயரைச் சொன்னார். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"இல்ல சித்தி, அவரு போயி எவ்வளவோ நாளாச்சு. நீங்க சொன்னதுதான் சரி. மூணு பேரும் சரி. இப்ப நாலாவது ஆளும் வந்துட்டாரு."

சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அக்காவின் பக்கம் திரும்பி, கவலையோடு கேட்டார்.

"இவனுக்கு என்னாச்சு? ஒரே வருஷத்துல நாலு பேரு எப்படி மாறுவாங்க?"

போனில் இருந்த நான்கு முகங்களைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் படித்தார். பிறகு போனை என் கையிலேயே வைத்து, "போன்ல என்ன வேணும்னாலும் போடுவாங்க லா" என்றார். தோளில் ஆட்டைச் சுமந்து போனவனிடம் வழியில் ஒவ்வொருவராக வந்து நாய் நாய் என்று சொல்லி, அவன் கடைசியில் ஆட்டை இறக்கிவிட்டுப் போன கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா அங்கேயே, சித்தி முன்னாலேயே, ஓனரைக் கூப்பிட்டுக் காலி செய்யவில்லை என்றாள். அவர் கொஞ்சம் கத்தினார், பிறகு ஒப்புக்கொண்டார். கேஸ் சிலிண்டரை எடுத்துவிட்டு, பாத்திரம் சூடேறினால் தானே அணைகிற மின்னடுப்பு வைத்தோம். டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது முதலில் சிரித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். மறுபடி மூன்று சொற்கள் கொடுத்தார். சித்திக்கு இந்தமுறையும் இரண்டுதான் வந்தது. "தெளிவாவும் இருக்காங்க, மறக்கவும் செய்றாங்க. ரெண்டும் சேர்ந்துதான் இருக்கும். பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அக்காவும் நானும் வீடு வரும்வரை விவாதித்தோம்.

இப்போது புதன்கிழமைதோறும் நான் போகிறேன். நவம்பரில் முதல் தடவை போனபோது ஆறரைக்கே போய்ச் சேர்ந்து டேப்லெட்டைச் சர்க்கரை டப்பாமேல் வைத்தேன்.

"எட்டு மணிக்குத்தான்" என்றார் சித்தி.

ஏழுதானே என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். எட்டு மணிக்குத்தான் தொடங்கியது. குளிர்காலம் வந்ததும் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுகிறார்களாம். நல்லவேளை, நான் வாயைத் திறக்கவில்லை.

சபாநாயகர் அடங்குங்கள் அடங்குங்கள் என்று கத்தினார். பச்சை இருக்கைகளில் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து ஊளையிட்டார்கள். பிரதமர் எழுந்தார். அவரும் புதியவர். அவருக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இவருதான் இப்ப..." என்று தொடங்கிய சித்தி நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். முன்பெல்லாம் திரையைப் பார்த்துத்தான் பேசுவார்.

"சொல்லுங்க சித்தி."

பெயரைச் சொன்னார். சரியான பெயர்தான். நான் வேகமாகத் தலையாட்டினேன். அப்போதும் அவர் பார்வை என் முகத்தைவிட்டு உடனே நகரவில்லை.

கீழே ரயில் ஒன்று போய் முடிந்தது. சித்தி மெல்லக் கேட்டார்.

"ஓனர்கிட்ட சொல்லிட்டீங்கதானே, நான் இங்கதான் இருப்பேன்னு?"

"சொல்லியாச்சு சித்தி. அன்னிக்கே அக்கா சொல்லிட்டா. உங்க முன்னாலதான் சொன்னா."

தலையை ஆட்டினார். லண்டனில் யாரோ எழுந்து ஏதோ கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், சித்தியும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஓனர்கிட்ட சொல்லிட்டீங்கதானே?"

முன்னால் கேட்டதை மறந்துபோய்க் கேட்கிறாரா, நான் சொன்னதை நம்பாமல் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. "சொல்லியாச்சு சித்தி" என்றேன்.